ஞாயிற்றுக்கிழமைக் கோணி

செஞ்சியில் இன்றைக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைகளுக்குக் குறைவில்லை. நான் சொல்லும் காலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் ஒரு கடைதான் பேர் வாங்கிய கடை. அதை நடத்தியவர் ஒரு அக்கா. அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எப்படியாவது அவர் கண்ணில் பட்டுவிடும் என்று ஒரு பயம். பட்டாலும் அவர் ஒன்றும் கேட்க மாட்டார் என்பது அதைவிடப் பெரிய பயம்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றிமேல் ஏறியிருக்கும். அதைத் தேடிக்கொண்டே இருப்பார். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி என்று இந்த வட்டாரத்தில் யார் வீட்டில் எது நடந்தாலும் அந்த வீட்டு முகங்கள் அக்காவின் கம்ப்யூட்டர் வழியாகத்தான் தெருவுக்கு வந்தன. ஒரு முகத்தை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டார். பஜாரில் யாரோ ஒருவரைப் பார்த்து, உங்க பொண்ணு சடங்குக்கு ஊதா கலர் பார்டர் வச்சோமே, இப்ப எப்படி இருக்கா என்று கேட்டு அந்த ஆளைத் திகைக்க வைப்பார்.

ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் கோணியைச் சொல்ல வேண்டும். கடைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கோணி தொங்கும். நெல் ஏலம் விடும் கமிட்டிக்கு மூட்டை வந்த பழைய கோணி. அக்கா எதையும் அன்றைக்கே வெளியே எறிய மாட்டார். உடைந்த ஸ்கேல், காய்ந்த பேனா, ஓரம் கிழிந்த ஃப்ளெக்ஸ் துண்டு, யாரோ விட்டுப்போன துண்டுச்சீட்டு, எல்லாம் அதில்தான் போகும். போவதற்கு முன்னால் ஒரு நீள நோட்டில் எழுத வேண்டும். நூல் கட்டிய பேனா அங்கேயே தொங்கும். ‘உடைந்த ஸ்கேல் 1’ என்று எழுதிய பிறகுதான் ஸ்கேல் கோணிக்குள் விழும். எழுதாமல் போட்டால் திட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைக் கதவைத் திறந்து வைத்து, தரையில் பேப்பர் விரித்து, கோணியைக் கொட்டுவார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பார். போகட்டும் என்று தோன்றினால் நோட்டில் அதற்கு நேராக ஒரு டிக். மனசு வரவில்லை என்றால் அந்த வாரத்துப் பக்கத்தில் மறுபடி எழுதி, மறுபடி கோணிக்குள். டிக் போட்டது மட்டும் பேரூராட்சிக் குப்பை வண்டிக்குப் போகும். போட்டுட்டா போட்டதுதான் என்பார். அதன் பிறகு அந்தப் பொருளைப் பற்றிப் பேசவே மாட்டார்.

பிரிண்டிங் மெஷின் ஓட்டும் அண்ணன் ஒருவர் கடையில் இருந்தார். அவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் ஒரு தடவை கட்சிக்காரர் ஒருவர் எட்டடி ஃப்ளெக்ஸை வாங்கிக்கொள்ளாமல், தலைவரோடு சண்டை, வேண்டாம் என்று போய்விட்டார். அண்ணன் அதைக் கிழித்து மழைக்கு மோட்டார் மேல் போர்த்தப் போனார். அக்கா விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அதே கட்சிக்காரர் இரண்டு மாலையோடு வந்து நின்றார், சமாதானம் ஆகிவிட்டதாம். அக்கா கோணிக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்ததை எடுத்து நீட்டினார். அன்றிலிருந்து அண்ணனும் எழுதிவிட்டே போட ஆரம்பித்தார்.

மனிதர் விஷயத்திலும் அப்படித்தான். அந்த அண்ணனே ஒரு திங்கட்கிழமை கோபத்தில் வேலையை உதறிவிட்டுப் போனபோது, வேற ஆள் பார்க்கலையா என்று கேட்டேன். ஞாயித்துக்கெழமை வரைக்கும் கெடக்கட்டும் என்றார். வெள்ளிக்கிழமை அண்ணன் ஒன்றும் நடக்காதது போல வந்து மெஷினைத் துடைத்தார். அக்காவின் கொழுந்தனார் வீட்டுப் பாகத்தைப் பற்றி அசிங்கமாக எழுதிய ஒரு கடிதமும் கோணிக்குத்தான் போயிற்று. இரண்டு மாதம் வாராவாரம் வெளியே வந்து உள்ளே போனது. பிறகு ஒருநாள் டிக் விழுந்தது. அப்புறம் கொழுந்தனார் பழத்தோடு வந்து மன்னிப்புக் கேட்டார். அக்கா நல்லபடியாக காபி கொடுத்து அனுப்பினார். ஆனால் அதன் பிறகு கொழுந்தனார் வீட்டு வாசலை அக்கா மிதிக்கவில்லை. கோபம் இருந்தவரை சேர்வதற்கு வழி இருந்தது, கோபத்தைத் தூக்கிப் போட்டபோது அந்த மனிதரும் அதோடு போய்விட்டார். இதை அன்றைக்கு நான் வேடிக்கையாகத்தான் பார்த்தேன்.

நான் இரண்டு தெரு தள்ளி கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். நல்ல வேலைக்காரன் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்த வயசு. வாடிக்கையாளர் படங்களைச் சேர்த்து வைக்கத் தனியாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று அக்கா கேட்டார். ஒரு பழைய பெட்டியில் லினக்ஸ் போட்டு, எஸ்.எஸ்.டி. டிஸ்க் மாட்டி, அதுவரை சேர்ந்த படங்களையும் அதற்கே மாற்றிக் கொடுத்தேன். வேகமாக இருக்கும் என்று ஆசை காட்டியதும் நான்தான். நகல் எடுத்து வைக்க இன்னொரு டிஸ்க் கொண்டுவருகிறேன் என்றும் சொன்னேன். சொல்லி ஒரு வருஷம் ஓடியது.

அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியபோது அக்கா சிரித்துவிட்டார். ஒரு ஃபைலை அழித்தால் அது உடனே அழிவதில்லை அக்கா, முதலில் அது தன் நோட்டில் எழுதிக்கொள்ளும் என்றேன். ஜர்னல் என்பார்கள், எழுதி முடிக்கும் முன் கரண்ட் போனால் பழையபடியே இருக்கும். எழுதி முடித்தாலும் பட்டியலில் இருந்து பெயர்தான் போயிருக்கும், படம் டிஸ்க்கில் அதே இடத்தில் கிடக்கும். இந்த இடமெல்லாம் காலி, துடைத்துக்கொள் என்று டிஸ்க்குக்கு நாம் சொன்னால்தான் அது நிஜமாகப் போகும். அதை அழித்த உடனேயே சொல்லவும் செய்யலாம், வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகவும் சொல்லலாம்.

“அப்ப இதுக்கும் ஒரு கோணி இருக்குதுன்னு சொல்லு” என்றார் அக்கா.

ஆமாம் என்றேன். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமாக வை, நான் என் கோணியைக் கொட்டிவிட்டு, பெட்டியிலும் எதுவும் தப்பாகப் போகவில்லை என்று பார்த்த பிறகுதான் அது தன் கோணியைக் கொட்ட வேண்டும் என்றார். அப்படியே வைத்தேன். தெரியாமல் எதையாவது அழித்துவிட்டால் உடனே ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு எனக்குப் போன் போடுங்கள் என்றும் சொல்லிக்கொடுத்தேன்.

ஒருமுறை அது நடந்தது. தை மாச முகூர்த்த அவசரத்தில் ஒரு கல்யாண வீட்டுப் படங்களை மொத்தமாக அழித்துவிட்டார். ப்ளக்கைப் பிடுங்கினார். போன் செய்தார். நான் போய் டிஸ்க்கைக் கழற்றி, கிளறி, எல்லாவற்றையும் எடுத்தேன். பெயர்கள் மட்டும் போய்விட்டன, வெறும் எண்களாக வந்தன. அக்கா ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பெயர் போட்டார். இது மாமன், இது பொண்ணோட சின்னம்மா. எனக்கு ஒரு வேட்டி வாங்கிக் கொடுத்தார். இந்தத் தம்பி கைவச்சா போனது திரும்ப வந்துடும் என்று பஜாரில் பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

இனி என் பங்கு.

சீசன் வந்தால் தினமும் பெரிய பெரிய டிசைன் ஃபைல்களை எழுதுவார்கள், அழிப்பார்கள். அழித்த இடம் காலி என்று டிஸ்க்குக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை வாக்கில் அது திணறும். நான் மாட்டியது மட்டமான டிஸ்க், அதுவும் ஒரு காரணம். வெள்ளிக்கிழமை ஆனால் போன் வந்துவிடும். தம்பி, பொட்டி இழுக்குது, கொஞ்சம் வந்து பாரேன். நான்கைந்து வெள்ளிக்கிழமை போனேன். ஆறாவது வெள்ளிக்கிழமை அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் திருவண்ணாமலை ரோடே அடைத்துக்கிடந்தது. வண்டியை நகர்த்த முடியாமல், வெயிலில் நடந்து, எரிச்சலோடு போய் உட்கார்ந்தேன். அக்கா வெளியே வளையம் அடித்துக்கொண்டிருந்தார், ஃப்ளெக்ஸ் ஓரத்தில் கயிறு கட்டுகிற இரும்பு வளையம். அந்தச் சத்தம் வேறு தலையில் இடித்தது.

பெட்டியின் அமைப்பு ஃபைலில், ஒரே ஒரு வரியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தேன். டிஸ்கார்ட், தூக்கிப் போடு என்று அர்த்தம். அவ்வளவுதான். இனி அழிப்பது எதுவும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காது. நோட்டில் எழுதி முடித்ததும், அடுத்த சில நொடிகளில், டிஸ்க்குக்குச் செய்தி போய்விடும். இடம் சுத்தமாகும். பெட்டி இழுக்காது. எனக்கும் வெள்ளிக்கிழமை நிம்மதி. கடைக்காரர்களிடம் விட்டுவரும் சர்வீஸ் சீட்டில் செய்த வேலையை என் வழக்கப்படி ஒரு வரி கிறுக்கி மேசைமேல் வைத்தேன். அக்காவிடம் வாயால் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று கொஞ்ச காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை.

பெட்டி பறந்தது. அக்கா மகிழ்ந்துபோய் எனக்கு இரண்டு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன். இடம் போதவில்லை என்று பழைய டிசைன்களை அழிக்கும்போது, பக்கத்திலிருந்த படங்களின் ஃபோல்டரும் சேர்ந்து போய்விட்டது. மூன்று வருஷப் படங்கள். ப்ளக்கப் பிடுங்கிட்டேன் தம்பி, ஒரு நிமிஷங்கூட ஆவல என்றார். குரலில் பதற்றமே இல்லை, நான் இருக்கிறேன் என்ற தைரியம். எனக்கு நான் சேர்த்த அந்த ஒரு சொல் ஞாபகம் வந்தது.

டிஸ்க்கை என் கடைக்கு எடுத்துப்போய்க் கிளறினேன். படம் இருந்த இடமெல்லாம் பூஜ்யம். பக்கம் பக்கமாகப் பூஜ்யம். துடைத்துக் கழுவி வைத்த தரை போல இருந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடியே அவர் செய்திருக்கிறார். அந்த ஒரு சொல் இல்லாமல் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வரை எல்லாப் படமும் அங்கேயே கிடந்திருக்கும். அந்தச் சொல்லை அப்போதே எடுத்துவிட்டு, பழையபடி ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். யாருக்குப் பிரயோஜனம்?

சாயங்காலம் போய், சில சமயம் இந்த டிஸ்க் அப்படித்தான் அக்கா, வராது என்றேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு, போவட்டும் தம்பி, உயிரா போச்சு என்றார்.

வெள்ளிக்கிழமை தொண்டூரிலிருந்து ஒருவர் வந்தார். நிலக்கடலை பயிர் வைக்கிறவர், எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. முதல் நாள் அவர் மனைவி இறந்துபோனார், மூளையில் ரத்தக்கசிவு. அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைக்கப் படம் வேண்டும். அந்தப் பெண் போட்டோவுக்கு நிற்கவே மாட்டாராம். இரண்டு வருஷத்துக்கு முன் பிள்ளைக்குக் காது குத்தியபோது ஒரே ஒரு படம், சிரித்தபடி. அது இருந்த போன் கிணற்றில் விழுந்துவிட்டது. ஆனால் அந்தப் படத்தை வைத்து இங்கேதானே ஃப்ளெக்ஸ் அடித்தோம், உங்ககிட்ட இருக்குமே என்றார். அக்காகிட்ட எதுவும் போவாதுன்னு சொல்லுவாங்களே என்றும் சொன்னார்.

நான் அங்கேதான் இருந்தேன். நகல் எடுக்கும் டிஸ்க்கை, ஒரு வருஷம் தாமதமாக, அன்றைக்குத்தான் கொண்டுபோயிருந்தேன்.

அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, துடைத்து, மறுபடி நெற்றியிலேயே வைத்தார்.

“அந்தப் படம் எனக்கு ஞாபகம் இருக்குதுப்பா. பச்சைப் புடவை, இடுப்புல புள்ளை. ஆனா இப்ப இல்ல. செவ்வாக்கெழமை என் கையாலதான் அழிச்சேன். தப்பு என்னுது.”

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். இந்த ஊரில் போனதைத் திரும்ப எடுத்துத் தருகிறவன் நான்தானே. நான் கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஒரு வாக்கியம் போதும், நான்தான் மாற்றி வைத்தேன் என்று. முழுங்கிவிட்டேன்.

பழைய ஃப்ளெக்ஸாவது இருக்கிறதா என்று பார்க்க மெஷின் அண்ணன் அவரோடு பைக்கில் தொண்டூருக்குப் போனார். அது ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாக இருந்ததாம். பிள்ளையின் முகம் ஒரு ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தது. தாயின் முகம் இருந்த பக்கம் வெயிலில் வெளுத்து வெள்ளையாகிக் கிடந்தது. கடைசியில் ஆதார் அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கினார்கள். அக்கா அன்று முழுக்க அதைத் திருத்திக்கொண்டிருந்தார், எத்தனை திருத்தினாலும் அதில் இருந்தது போலீசைப் பார்த்துப் பயந்த ஒரு முகம். அதை எடுத்துக்கொண்டு அவரே தொண்டூருக்குப் போனார். சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் அந்த மனிதரிடம் கைகூப்பி நின்றதாக அண்ணன் சொன்னார்.

காரியம் முடியும்வரை அந்த ஃப்ளெக்ஸ் தொண்டூர்க் கூட்டுரோட்டில் நின்றது. அந்தப் பக்கம் வேலை வந்தபோதெல்லாம் வேறு ஆளை அனுப்பினேன்.

அதற்குப் பிறகும் அக்கா என்னைக் கூப்பிட்டார், நான் போனேன், வேலை செய்தேன். தம்பி என்றுதான் சொன்னார். ஆனால் பஜாரில் என்னைப் பற்றிப் பெருமை பேசுவதை நிறுத்திவிட்டார். சில நேரம், வேலை முடிந்து கிளம்பும்போது, வேற எதுனா சொல்லணுமா தம்பி என்று கேட்பார். வழக்கமான பேச்சு என்று நினைத்துக்கொண்டு, ஒன்றும் இல்லை அக்கா என்று வந்துவிடுவேன். எத்தனை முறை கேட்டிருப்பார் என்று இப்போது எண்ணிப் பார்க்கவும் பயமாக இருக்கிறது.

ஒன்றரை வருஷம் கழித்து தொண்டூரில் ஒரு வேலைக்கு அனுப்ப ஆள் கிடைக்காமல் நானே போனேன். வழியில் ஒரு வைக்கோல் போர்மேல் அந்த ஃப்ளெக்ஸ் போர்த்தியிருந்தது. பயந்த கண்கள் இரண்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. வண்டியை நிறுத்திவிட்டேன். அந்த மனிதர் வயலிலிருந்து என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்தார், வெயிலா இருக்குது, தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்று செம்பை நீட்டினார். அக்காவை விசாரித்தார். பாவம், அவங்களும் இன்னா பண்ணுவாங்க, எங்க வீட்டுல வந்து அவ்ளோ அழுதாங்க என்றார். ஒரு வாய் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் அக்கா கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. அவர் தரையில் உட்கார்ந்து வளையம் அடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். வெள்ளிக்கிழமை, அமாவாசைக் கூட்டம், எரிச்சல், ஒரு சொல், பூஜ்யங்கள், பொய், எல்லாம். சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டேன். அழுதால் கொஞ்சம் குறையும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

அக்கா சுத்தியலைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

“தெரியும் தம்பி. நீ எழுதி வச்சிட்டுப் போன சீட்டு என்கிட்டதான் இருந்துது. என் கூடப்பொறந்த அண்ணன் பொண்ணு காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்குதில்ல, அதுதான் பார்த்துட்டு அர்த்தம் சொல்லிச்சு. தொண்டூர்ல கண்ணீர் அஞ்சலி வச்ச அந்த வாரமே.”

அப்ப ஏன் அக்கா கேக்கல என்று எப்படியோ கேட்டேன்.

“கேட்டா சொல்லியிருப்ப. நீயா வந்து சொல்லணும்னு கோணியில போட்டு வச்சிருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கைல எடுப்பேன். இந்த வாரம் வருவான்னு திரும்பப் போடுவேன்.”

கதவுக்குப் பின்னால் பார்த்தேன். கோணி தொங்கியது.

“போன மாசம் போட்டுட்டேன்” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கரண்ட் எப்ப வரும் என்று கேட்டால் பதில் சொல்வது போலச் சொன்னார். பிறகு உள்ளே பார்த்து, மெஷின் அண்ணனிடம் எனக்கு ஒரு டீ வாங்கி வரச் சொன்னார். வெயில்ல வந்திருக்கீங்க, குடிச்சிட்டுப் போங்க என்றார். அத்தனை வருஷத்தில் அவர் என்னை நீங்க என்று சொன்னதில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு அடுத்த வளையத்துக்குப் போய்விட்டார்.

டீ வரும்வரை எங்கே நிற்பது என்று தெரியாமல் கதவோரம் போய் நின்றேன். நோட்டு அங்கே தொங்கியது. கேட்காமலே புரட்டினேன், அவரும் தடுக்கவில்லை. போன மாசத்துப் பக்கத்தில் அந்த உருண்டையான எழுத்தில் இருந்தது. ‘உடைந்த டீ கிளாஸ் 1’. அதற்குக் கீழே ‘கம்ப்யூட்டர் தம்பி சீட்டு 1’. அதற்குக் கீழே ‘காய்ந்த ஸ்கெட்ச் பேனா 4’. மூன்றுக்கும் நேராக ஒரே மாதிரி டிக்.